கயிற்றைக் காக்கும் கை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மேற்கு நோக்கிச் செல்வோரின் கண்ணுக்கு முதலில் புலப்படுவது மேற்குத் தொடர்ச்சி மலையே ஆகும். அம்மலையைக் கண்முன்னே கொண்டு விளங்கும் ஊர்களுள் ஒன்று ராயகிரி. கிரி என்னும் சொல் மலையைக் குறிக்கும். ஆகவே, ஊரின் பெயரிலேயே மலை அமைந்துள்ளது எனலாம். வயலில் உழுவோரும், சாலையிற் செல்வோரும், பள்ளி முற்றத்தில் விளையாடும் சிறுவரும் தலை நிமிர்ந்தால் அந்த நீல நிறத் தொடரைக் காண்பர். தொலைவிலிருந்து நோக்குங்கால் மென்மையாகத் தோன்றும் மலை, அணுகிச் செல்லுங்கால் செங்குத்தான பாறைகளும் ஆழ்ந்த பள்ளங்களும் உடையதாய்க் காட்சி தரும். அத்தகைய பாறையில் மனிதன் ஏன் ஏறுகின்றான்? எவ்வாறு ஏறுகின்றான்? ஏறுகின்றவனுடைய உயிரைக் காப்பது எது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படின், மலையில் தொடங்கிக் கடல்வரை செல்ல வேண்டியிருக்கும்.

பாறை ஏறுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், குரங்கும் ஏற இயலாத நெடிய மலைப்பக்கங்களில் மூங்கிலால் அமைந்த மால்பினையே வழியாகக் கொண்டு மலைவாழ் மக்கள் தேன் எடுத்த செய்தியைக் கூறுகின்றது. மால்பு என்பது ஒற்றை மூங்கிலின் கணுக்களில் கால் வைத்து ஏறும் ஏணியாகும். கண்ணேணி என்பதும் அதுவே. பாறையின் முகட்டுக்குக் கீழே, மழையும் வெயிலும் படாத குடைவுகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளைக் கட்டுகின்றன. கீழிருந்து ஏறினால் அவை எட்டா. மேலிருந்து இறங்கினாலும் எளிதில் எட்டா. காட்டுக் கொடிகளை முறுக்கிச் செய்த நூலேணியில் தொங்கியவாறு, ஒரு கையில் புகைப்பந்தத்தைப் பிடித்துத் தேனீக்களை விலக்கி, மறு கையால் அடையை அறுத்தெடுப்பது மலைவாழ் மக்களின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. பாறையில் தொங்குகின்றவனுக்குக் கீழே பள்ளம். எதிரே தேனீக் கூட்டம். அவனைத் தாங்கி நிற்பதோ ஒரு கொடி.

அந்தக் கொடியைக் காத்து நிற்பவர் யார்? இவ்வினாவிற்கு மலைவாழ் மக்கள் தந்துள்ள விடை நுட்பமானது. நீலகிரிப் பகுதியில் தேன் எடுப்போரிடையே, மேலே கயிற்றைக் காக்கும் பொறுப்பினை மைத்துனனிடம், அதாவது மனைவியின் உடன்பிறந்தானிடம், ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. கயிறு நழுவினால் தன் தங்கையோ தமக்கையோ கைம்பெண் ஆவாள் என்பதை அவன் அறிவான்; ஆதலின் அவன் கை ஒருபோதும் தளராது என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனைமலைக் காடரிடையே மனைவியோ மகனோ நூலேணியைக் காத்து நிற்பர் என்று, 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் தெரிவிக்கின்றது. ஏறுகின்றவனது திறமையை மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடிக்கின்றவனது மனத்தையும் எண்ணிப் பார்த்தனர். பாறை ஏறும் கலையின் முதற்பாடம் இதுவேயாகும்.

மலையில் உள்ளவை போன்ற செங்குத்துப் பாறைகள் கடற்கரையிலும் உண்டு. கடலலை ஓயாது மோதுவதால் கரைப்பாறையின் அடிப்பகுதி சிறிது சிறிதாகக் குடையப்படுகின்றது. குடைவு ஆழமானதும் மேற்பகுதி தாங்குதலின்றி இடிந்து விழுகின்றது. விழுந்த கற்களையே படையாகக் கொண்டு அலை மீண்டும் தாக்குகின்றது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் நடைபெறும் போரில் கரையானது சுவர்போல் செங்குத்தாக வெட்டப்பட்டு நிற்கும். இதனைக் கடற்பாறைச் சுவர் எனலாம்.

தமிழ்நாட்டின் கீழைக் கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்பரப்பு ஆகையால், இத்தகைய உயர்ந்த சுவர்களை இங்குக் காண்டல் அரிது. கேரளத்து வர்க்கலையில் கடலை ஒட்டிச் செம்பாறைச் சுவர் உயர்ந்து நிற்கின்றது, ஆயின் அது எளிதில் உதிரும் தன்மையது, ஏறுவோரைத் தாங்காது. தமிழர் நன்கறிந்த கடற்பாறை ஒன்று உண்டெனில், அது ஈழத்துத் திருகோணமலையில் உள்ள சுவாமி மலையே ஆகும். நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து நேரே கடலுள் இறங்கும் அப்பாறையின் உச்சியில் கோணேசர் கோயில் கொண்டுள்ளார். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் அத்தலத்தைப் பாடியுள்ளார். அங்கு நின்று கீழே நோக்குவோர்க்குக் கடற்பாறையின் பெருமையும் அச்சமும் ஒருங்கே விளங்கும்.

இத்தகைய பாறைகளையே வாழ்வாகக் கொண்ட மக்களும் இருந்தனர். ஸ்காத்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் தீவுக் கூட்டம் செயின்ட் கில்டா எனப்படும். ஆங்குள்ள ஹிர்ட்டா என்னும் தீவின் பாறைச் சுவர் கடலிலிருந்து 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்துள்ளது. புயலும் குளிரும் மிக்க அத்தீவில் பயிர்த்தொழில் போதிய விளைவு தரவில்லை. கடலும் கொந்தளிப்பு மிக்கதாதலின் மீன்பிடித்தலும் எளிதாக இல்லை. ஆகவே மக்கள் பாறைப் பிளவுகளில் கூடு கட்டும் கடற்பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உணவாகக் கொண்டனர். ஆடவர் வெறுங்காலுடன் கயிற்றில் இறங்கிப் பறவைகளைப் பிடித்தனர். குதிரை மயிரை முறுக்கிச் செய்த கயிற்றின்மேல், பாறையின் கூர்முனை அறுக்காதவாறு மாட்டுத்தோலைச் சுற்றிவைத்தனர். தந்தை விட்டுச் செல்லும் கயிறு அங்கே பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்டது.

காலையில் ஆடவர் அனைவரும் தெருவிற் கூடி, அன்று செய்ய வேண்டிய வேலையைப் பற்றிக் கலந்து பேசி முடிவு செய்வது செயின்ட் கில்டா மக்களின் வழக்கம். ஒருவன் இறங்க மற்றவர் பிடிக்க வேண்டிய தொழிலில், ஒற்றுமை என்பது அணிகலன் அன்று; உயிர்நிலையே ஆகும். இளைஞர் பலர் வெளியூர்களுக்குச் சென்றமையாலும், நோயாலும், போக்குவரத்து அருமையாலும் அங்கு மக்கள் தொகை குறைந்து கொண்டே வந்தது. உழைக்கும் கைகள் மிகச் சிலவே எஞ்சிய நிலையில் தீவு வாழ்க்கை நடவாதாயிற்று. 1930 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள், எஞ்சியிருந்த 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே தீவை விட்டு நீங்கினர். பாறை இருந்தது, பறவை இருந்தது, கயிற்றைப் பிடிக்கும் கைகளே இல்லாமற் போயின.

உணவுக்காகவும் தேனுக்காகவும் ஏறிய மனிதன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறுதலையே ஒரு பயிற்சியாகவும் இன்பமாகவும் கொள்ளத் தலைப்பட்டான். 1857 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆல்பைன் கழகம் நிறுவப்பெற்றது. இந்தியாவில் 1928 ஆம் ஆண்டில் இமயக் கழகம் தோன்றியது. பனிமலைகளை நோக்கியே அந்நாளில் பலருடைய கருத்தும் சென்றது. ஆயின் ஏ. டபிள்யூ. ஆன்ட்ரூஸ் என்பார் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் கடற்கரையின் கருங்கற் பாறைகளை நாடினார். அவரும் அவருடன் பிறந்தாளும் 1902 ஆம் ஆண்டில் பொசிக்ரன் என்னுமிடத்தில், கடலிலிருந்து எழும் நெடிய பாறை முகடு ஒன்றன் மீது ஏறினர். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் அவ்விடத்தில் பாறை ஏறப் பயின்றனர். அதனால் அம்முகடு இன்று கமாண்டோ முகடு என்று வழங்கப்படுகின்றது. போர் முடிந்த பின்னர் மலையேற்றக் கழகங்கள் கடற்பாறைகளை மிகுதியாக நாடலாயின. 1966 ஆம் ஆண்டில் டாம் பேட்டி, ரஸ்டி பெய்லி, கிறிஸ் பானிங்டன் என்னும் மூவர் ஸ்காத்லாந்தின் வடபால் கடலில் தூண்போல் நிற்கும் 137 மீட்டர் உயரப் பாறையின் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். மறு ஆண்டு அப்பாறை ஏறுதல் தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பப்பட்டது.

இன்று கார்ன்வால் கரைக்குச் சனி, ஞாயிறு விடுமுறைகளில் மலையேற்றக் கழகத்தினர் குழுக்குழுவாக வருகின்றனர். தொழிலாளரும், மாணவரும், அலுவலகங்களிற் பணிபுரிவோரும் அக்குழுக்களில் உளர். இரண்டு நாள் ஏறுதலுக்குச் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் பலவாகும். முதலில் அவர்கள் நோக்குவது பாறையை அன்று, கடலேற்ற அட்டவணையையே. கன்னியாகுமரிக் கரையில் கடலின் ஏற்றத்திற்கும் வற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவினதே. கார்ன்வாலின் வடகரையிலோ, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஆறு மீட்டர் அளவுக்கு உயரும். காலையில் நின்று உணவருந்திய பாறைத்தட்டு, பிற்பகலில் ஆள் மூழ்கும் ஆழத்தில் இருக்கும். ஆகவே எப்பொழுது இறங்குவது, எப்பொழுதுக்குள் ஏறி முடிப்பது என்பதை முன்னரே கணக்கிட்டு அறிதல் வேண்டும். காற்றில்லாத நாளிலும், தொலைவில் வீசிய புயலால் எழுந்த பேரலை கரையை வந்து தாக்குவதுண்டு. எனவே பட்டறிவுடையோர் இறங்குமுன் நெடுநேரம் நின்று அலையின் போக்கினை நோக்குவர்.

மலைக்கும் கடற்பாறைக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. மலையில் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறுவர். அஞ்சினால் திரும்பி இறங்கி வீடு சேரலாம். கடற்பாறையிலோ முதலில் உச்சியிலிருந்து கயிறு கட்டி அலைவாய்வரை இறங்கி, பின்னரே ஏறத் தொடங்குவர். ஏறத் தொடங்கிய பின் கீழே கடல் உயர்ந்துவிடின் திரும்புவதற்கு இடமில்லை. மேலே செல்லும் வழி ஒன்றே வழியாகும். இதனால் அறிவுடைய தலைவர், இறங்கிய கயிற்றை உடனே அவிழ்த்து விடாது, இடர் நேரின் உதவும்படி அங்கேயே விட்டுவைப்பார். குழுவிலுள்ள ஒருவர் களைத்திருப்பினும், வானம் இருண்டிருப்பினும், அன்றைய ஏறுதலைக் கைவிட்டுத் திரும்புவார். அவ்வாறு திரும்புதல் தோல்வி எனக் கருதப்படுவதில்லை. பறவைகள் குஞ்சு பொரிக்கும் திங்கள்களில் சில பாறைகளை அணுகுவதில்லை என்னும் கட்டுப்பாட்டையும் கழகத்தினர் தாமே மேற்கொண்டுள்ளனர்.

ஏறுவோர் பெரும்பாலும் இருவர் இருவராகப் பிணைந்து ஏறுவர். முன்செல்பவர் கயிற்றின் ஒரு நுனியையும், பின்நிற்பவர் மறு நுனியையும் தம் உடலிற் பிணைத்துக் கொள்வர். பின்நிற்பவர் முதலில் தம்மைப் பாறையோடு உறுதியாகக் கட்டிக் கொள்ளுதல் வேண்டும்; தாம் நிலைபெறாதவர் பிறரைத் தாங்க இயலாதன்றோ? முன்செல்பவர் ஏறும்போது, பாறைப் பிளவுகளில் உலோக ஆப்புகளைச் செருகி, அவற்றின் வழியாகக் கயிற்றைக் கோத்துச் செல்வார். முற்காலத்தில் கூழாங்கற்களைப் பிளவிற் செருகி அவற்றிற் கயிற்றைக் கட்டினர். பின்னர் இயந்திரங்களில் பயன்படும் மரைகளை அவ்வாறு பயன்படுத்தினர். இன்றைய ஆப்புகள் அவற்றின் வழித்தோன்றல்களே.

கடைசியாகக் கயிற்றைக் கோத்த இடத்திற்கு மேல் மூன்று மீட்டர் ஏறிய ஒருவர் கை தவறினால், அவர் அந்த மூன்று மீட்டரும், அதற்குக் கீழே மேலும் மூன்று மீட்டரும், கயிறு நீளும் அளவும் சேர்ந்து வீழ்வார். அந்த நொடியில் பின்நிற்பவரின் கை கயிற்றை இறுகப் பற்றியிருக்க வேண்டும். முன்னாளில் கயிற்றைத் தம் இடுப்பைச் சுற்றி வளைத்து, அவ்வுராய்வினால் வீழ்ச்சியைத் தடுத்தனர். இன்று அதற்கெனக் கருவிகள் உள்ளன. கருவி எதுவாயினும், அதனை இயக்குகின்ற கையும், அக்கையை இயக்குகின்ற கவனமும் மனிதனுடையனவே. கயிறு மிகத் தளர்ந்தால் வீழ்ச்சி பெரிதாகும். மிக இறுகினால் ஏறுகின்றவர் கால் பெயர்க்க இயலாது. ஏறுகின்றவருடைய ஒவ்வோர் அசைவையும் அறிந்து, வேண்டிய அளவு விட்டும், வேண்டாத அளவு இழுத்தும் நிற்றல் எளிய செயலன்று.

கடற்பாறையில் இது மேலும் அரிதாகின்றது. அலையின் முழக்கத்தில் குரல் கேளாது. முகடு மறைத்தலால் முகமும் தெரியாது. அந்நிலையில் முன்னரே உடன்பட்ட குறிப்பின்படி கயிற்றை இழுத்தே செய்தி அறிவிப்பர். இத்தனை முறை இழுத்தால் 'நிலைபெற்றேன்'. இத்தனை முறை இழுத்தால் 'நீ ஏறலாம்'. கண்ணும் செவியும் பயனற்ற இடத்தில் கயிறே நாவாகின்றது.

கயிற்றின்பால் காட்டும் கவனக் குறைவு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ஆல்ப்சு மலையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 1865 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் எட்வர்ட் விம்ப்பர் முதலிய எழுவர் மேட்டர்ஹார்ன் என்னும் கொடுமுடியை முதன்முதலாக அடைந்தனர். வெற்றிக் களிப்புடன் ஒரே தொடராகப் பிணைந்து இறங்குகையில், பயிற்சி குறைந்த ஒருவர் கால் வழுக்கி முன்னிருந்தவர்மேல் வீழ்ந்தார். அவ்வதிர்ச்சியால் மேலும் இருவர் இழுக்கப்பட்டனர். பின்னிருந்த மூவரும் பாறையைப் பற்றி நின்றனர். ஆயின் இடையிலிருந்த கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். அறுந்தது, அவர்கள் கொண்டு சென்ற கயிறுகளுள் மிகவும் மெலிந்ததாகும். வலிய கயிறு கையில் இருந்தும் மெலிந்ததைக் கட்டியது ஏன் என்னும் வினா அன்று எழுந்தது; இன்றும் ஓயவில்லை. அறுந்த அக்கயிறு சுவிட்சர்லாந்தின் செர்மாட் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. காண்போர்க்கு அது வெறும் கயிறு அன்று, அழியாத எச்சரிக்கையாகும்.

அந்நாளைய கயிறுகள் சணல் போன்ற நாரினால் ஆனவை. அவை நீளா, ஆதலின் திடீரென வீழும் எடையின் அதிர்ச்சியைத் தாங்காது அறுந்தன, ஈரத்தில் இற்றுப் போயின. இரண்டாம் உலகப் போரின்போது பயன்பாட்டிற்கு வந்த நைலான் கயிறு இக்குறையை நீக்கியது. அது சற்று நீண்டு கொடுத்து வீழ்ச்சியின் வேகத்தை மெல்ல ஏற்றுக் கொள்ளும். 1953 ஆம் ஆண்டில் செருமனியில் உருவாக்கப்பட்ட கயிற்றில், எடையைத் தாங்கும் இழைகள் உள்ளேயும், அவற்றைக் காக்கும் உறை வெளியேயும் அமைந்தன. குதிரை மயிர்க் கயிற்றின்மேல் தோலைச் சுற்றிய செயின்ட் கில்டா மக்களும் இவ்வுண்மையையே கண்டிருந்தனர் அன்றோ?

அதே 1953 ஆம் ஆண்டில் உலகின் மிக உயர்ந்த கொடுமுடியில் நிகழ்ந்த செய்தி ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. எவரெஸ்ட் மலையின் அடியில், பனிப்பாளங்கள் சிதறிக் கிடக்கும் பகுதியில் எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நார்கேயும் ஒரே கயிற்றிற் பிணைந்து இறங்கி வந்தனர். ஹில்லரி ஒரு பிளவைத் தாவிக் கடந்தபோது, அவர் கால் வைத்த பனி விளிம்பு இடிந்தது. அவர் பிளவினுள் வீழ்ந்தார். பின்னால் வந்த டென்சிங், இமைப்பொழுதில் தம் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை அதிற் சுற்றி இறுக்கினார். ஹில்லரி உயிர் பிழைத்தார். சில கிழமைகளுக்குப் பின், மே 29 ஆம் நாள், இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றனர். உச்சியில் நின்ற செய்தியை உலகம் முழுவதும் அறியும். பிளவின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த செய்தியை அறிந்தோர் சிலரே. பிடித்த கை தளர்ந்திருப்பின் உச்சியும் இல்லை, புகழும் இல்லை. 1954 ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதன் களப்பயிற்சித் தலைவராக டென்சிங்கே அமர்த்தப்பட்டார். ஏறுவதையும், ஏறுவோரைக் காப்பதையும் அவர் ஆண்டு பலவாக இளைஞர்க்குக் கற்பித்தார்.

பாறையைக் கண்டவுடன் ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை இளைஞர் உள்ளத்தில் எழுவது இயல்பே. ஆயின் பயிற்சியும், தக்க கருவியும், உடன் துணையும் இன்றி ஏறுதல் வீரம் ஆகாது, அது அறியாமையே. முடிச்சுப் போடக் கற்றல், தன்னை நிலைநிறுத்தக் கற்றல், பிறருக்காகக் கயிற்றைப் பிடிக்கக் கற்றல் என்பவற்றிற்குப் பின்னரே ஏறுதல் தொடங்கும். நற்பயிற்சி தரும் இடங்களில், புதிதாய் வந்தவர்க்குக் கயிற்றைக் காக்கும் முறையும் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றது.

முன்செல்பவர் உச்சியை அடைந்ததும், பணி முறை மாறுகின்றது. இதுகாறும் காக்கப்பட்டவர் இப்பொழுது தம்மைப் பாறையிற் பிணைத்துக் கொண்டு, கீழே நிற்பவருக்காகக் கயிற்றைப் பிடிக்கின்றார். காத்தவர் காக்கப்படுகின்றார். அடுத்த பாறையில் இவர் முன்செல்லவும் அவர் பின்நிற்கவும் கூடும். முன்செல்லும் நாளில் துணிவும், பின்நிற்கும் நாளில் பொறுமையும் ஒருவர்க்கே வேண்டப்படுவன. ஏறும் கைக்குப் புகழ் உண்டு. காக்கும் கைக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. எனினும் தேன் எடுப்போனின் மைத்துனன் முதல் டென்சிங் வரை, தம் கையில் இருப்பது கயிறன்று, மற்றொருவர் உயிர் என்பதை உணர்ந்து நின்றவர்களாலேயே ஏறியவர் அனைவரும் வீடு திரும்பினர்.

பயிற்சி

1. நீலகிரிப் பகுதியில் தேன் எடுப்போர் கயிற்றைக் காக்கும் பொறுப்பை மைத்துனனிடம் ஒப்படைப்பது ஏன்?
2. கடற்பாறைச் சுவர்கள் உருவாகும் முறையினை விளக்குக.
3. மலையில் ஏறுவதற்கும் கடற்பாறையில் ஏறுவதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
4. நைலான் கயிறு நார்க்கயிற்றினும் சிறந்தது எவ்வாறு?
5. 'திரும்புதல் தோல்வி அன்று' என்னும் கருத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.